இலவசப் பயணம் என்று வரும் தொலைபேசி அழைப்பு

காலை வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டு வாசலில் அமரும் வேளையில் கைத்தொலைபேசி ஒலிக்கிறது. "வாழ்த்துகள்! உங்கள் எண்ணுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் லங்காவியில் 3 பகல், 2 இரவு இலவசம்" என்று இனிய குரலொன்று கூறுகிறது. நாம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லையே என்ற ஐயம் எழுவதற்குள், "இன்று மாலைக்குள் பதிவுக் கட்டணம் செலுத்தாவிடில் பரிசு அடுத்தவருக்குப் போய்விடும்" என்று அதே குரல் அவசரப்படுத்துகிறது.

பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் மண்டபத்தில் இதைப் பற்றி நாம் உரையாற்றியபோது, பால்மரம் வெட்டும் அம்மையார் ஒருவர் எழுந்து, "நானூறு வெள்ளி கட்டிட்டேங்க ஐயா. அஞ்சு மாசமாச்சு, டிக்கெட் வரல. வீட்டுக்காரருகிட்ட இன்னும் சொல்லல" என்றார். பணம் போனதைவிட, அதை அவர் ஐந்து மாதங்கள் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்ததுதான் நம்மை வருத்தியது. அவர் பேசிய பிறகே மேலும் மூவர் துணிந்து கை உயர்த்தினர். இவ்வாறு ஏமாறுவோர் அறிவிலிகள் அல்லர். நன்கு படித்த ஆசிரியர்களும் ஏமாந்திருக்கின்றனர்.

இந்தத் தந்திரம் புதியதன்று. 1990-களிலும் அதற்குப் பின்னரும் நம் நாட்டில் சுரண்டிப் பார்க்கும் சீட்டுகள் பரவியிருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பர். சுரண்டியவருக்கெல்லாம் பெரும் பரிசு விழும். அதைப் பெற முதலில் 'வரி' கட்ட வேண்டும் என்பார்கள். அன்று சீட்டு செய்த வேலையை இன்று தொலைபேசி செய்கிறது. திரையில் தெரியும் எண்ணையும் நம்புவதற்கில்லை. வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்கூட உள்நாட்டு எண் தோன்றுமாறு செய்ய இயலும்.

அழைப்பு இரு வகையாக வருகிறது. ஒன்று முழுப் பொய். கட்டணத்தை யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்வார்கள். அல்லது அடையாளக் கார்டு எண்ணையும், கைத்தொலைபேசிக்கு வரும் வங்கியின் இரகசிய எண்ணையும் கேட்பார்கள். இரகசிய எண்ணைச் சொன்ன சில நிமிடங்களில் சம்பளப் பணம் முழுவதும் போய்விடும்.

மற்றது பாதி மெய். சிரம்பானிலோ போர்ட்டிக்சனிலோ ஒரு தங்குவிடுதிக்குத் தம்பதியாக வருமாறு அழைத்து, மணிக்கணக்கில் பேசி, விடுமுறை உறுப்பினர் திட்டம் ஒன்றில் பல ஆயிரம் வெள்ளிக்குக் கையொப்பம் வாங்குவார்கள். பரிசு என்பது அறை வாடகை மட்டுமே. விமானக் கட்டணம் நம்முடையது. நாம் கேட்கும் நாளில் அறை இராது. அங்கே போய்விட்டால், "ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த பின்னரே கையொப்பமிடுவேன்" என்று கூறுங்கள். தாளைக் கொடுக்க மறுப்பார்களாயின் எழுந்து வந்துவிடலாம். அவர்கள் தந்த தேநீருக்காக நாம் கடன்பட்டவர்கள் ஆகிவிட மாட்டோம்.

கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசு தருவதாகக் கூறுவதை நமது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அமெரிக்காவில் 1995-இல் வகுக்கப்பட்ட தொலைபேசி விற்பனை விதியோ, பரிசு பெற எதையும் வாங்கவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை என்பதை அழைப்பவரே சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆகவே, பரிசுக்கு முன்பணம் கேட்ட அக்கணமே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

தோட்டத்து இளைஞர்களுக்கும் ஒரு சொல். சில நூறு வெள்ளிக்கு உங்கள் வங்கி அட்டையை இரவல் கேட்பவர்கள் உண்டு. மோசடிப் பணம் போய்ச் சேர்வது அத்தகைய கணக்குகளில்தான். கணக்கை இவ்வாறு பிறர் கையில் கொடுப்பதையும் குற்றமாக்கி, 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது.

பணம் அனுப்பிவிட்டீர்களாயின் மறைக்க வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி தடுப்பு மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் அதனைத் தடுத்து நிறுத்த முயல்வார்கள். பின்னர்ப் போலீசில் புகார் செய்யுங்கள். பணம் கட்டச் சொன்ன கணக்கு எண் முன்பே புகாருக்கு உள்ளானதா என்பதைப் போலீசாரின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் பார்க்கலாம்; வீட்டுப் பிள்ளைகள் இதற்கு உதவுவர்.

பெயர், முகவரி தெரிந்த நிறுவனத்திடம் ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுகளுக்குள் கோரலாம்.

எங்குச் சென்றாலும், அழைப்பு வந்த எண், நாள், நேரம், பணம் செலுத்திய கணக்கு எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, ரசீதுடன் கொண்டு செல்லுங்கள். பகாவ் அம்மையாருக்கு அன்று மாலை அத்தாளை எழுதிக் கொடுத்தவர் அவருடைய கணவரே.