கணக்கு வராத பிள்ளை உண்டா?

"எனக்குக் கணக்கு வராது!" இச்சொற்களைத் தம் பிள்ளையின் வாயிலிருந்து கேளாத பெற்றோர் அரியர். பிள்ளை தமிழில் பிழை செய்தால் திருத்துகிறோம். காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். கணக்கில் மதிப்பெண் குறைந்தால் மட்டும், "அவன் அப்பாவுக்கும் வராது, இவனுக்கு எங்கிருந்து வரும்?" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபில் பிறந்த நாம், பிள்ளையின் ஒரு கண்ணை நாமே கட்டிவிடுவது முறையாகுமா?

இது வெறும் மதிப்பெண் பற்றிய கவலையன்று. ஈக்காட்டுத்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். தாங்கல் என்றால் சிறு ஏரி. நீரைத் தேக்கி, அளவறிந்து வயலுக்குப் பாய்ச்சிய காலத்தை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. 1958ஆம் ஆண்டில் அருகே கிண்டித் தொழிற்பேட்டை தோன்றியபின், இப்பகுதியில் எண்ணற்ற குடும்பங்கள் பட்டறைத் தொழிலால் வாழ்ந்தன. லேத் பட்டறையில் நிற்பவர் ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கி, அதில் ஒரு கூறு பிசகினாலும் கண்டுபிடிக்கிறார். செவிலியர் நோயாளியின் எடைக்கேற்ப மருந்தின் அளவைக் கணிக்கிறார். தச்சர், தையற்காரர், கடைக்காரர் எவரும் கணக்கின்றித் தொழில் செய்ய இயலாது. பத்தாம் வகுப்போடு "இனிக் கணக்கே வேண்டாம்" என்று ஒதுங்கும் பிள்ளை, தனக்குத் திறந்திருக்கும் கதவுகள் பலவற்றைத் தன் கையாலேயே தாழிடுகிறது.

முடிச்சு எங்கே விழுகிறது?

மொழிப்பாடத்தில் ஒரு செய்யுளைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் படிக்கலாம். கணக்கு அவ்வாறன்று, அது படிக்கட்டு. ஐந்தாம் படி உடைந்திருந்தால் ஒன்பதாம் படியில் கால் வைக்க இயலாது. இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளுள் பலர், உண்மையில் தடுமாறுவது பின்னத்தில்தான்.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். மேலே உள்ளவற்றைக் கூட்டி, கீழே உள்ளவற்றைக் கூட்டி, "ஐந்தில் இரண்டு" என்பார்கள் பலர். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. அரைத் தோசையோடு இன்னும் கொஞ்சம் தோசையைச் சேர்த்தால், கையில் இருந்தது குறைந்துபோகுமா? தோசையை ஆறு சம துண்டாக்கினால் அரை என்பது மூன்று துண்டு. மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு. ஆக, ஆறில் ஐந்து. கால், அரை, முக்கால் என்று அடுக்களையிலும் கடையிலும் நாள்தோறும் பின்னம் பேசும் பிள்ளைக்கு, ஏட்டில் உள்ள பின்னமும் அதுவே என்று எடுத்துக்காட்டுவார் இல்லை. குறை மூளையில் அன்று, இணைப்பில்தான்.

எழும்பூர் தந்த பாடம்

கற்பிக்கும் வழியில் சென்னை உலகிற்கே ஒரு பாடம் தந்ததுண்டு. 1789இல் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற மாணவன் கல்லாத மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1796இல் நாடு திரும்பிய அவர், மறு ஆண்டில் லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று.

அம்முறையில் குறைகளும் உண்டு. ஆயினும் இரு உண்மைகள் நமக்கு உதவும். மணலில் எழுதிய பிழையை ஒரு கைவீச்சில் அழித்துவிடலாம். பிழைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பிறருக்குக் கற்பிப்பவனோ தானே இருமுறை கற்கிறான்.

லயோலாவில் ஓர் ஆசான்

நுங்கம்பாக்கத்து லயோலாக் கல்லூரியின் வரலாற்றில் அருட்தந்தை சார்லஸ் ரசீன் அவர்களின் பெயர் அழியா இடம் பெற்றது. 1897இல் பிறந்த இப்பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி, பாரிசில் எலி கார்த்தான் என்னும் கணித மேதையிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியா வந்து, 1939 முதல் லயோலாவில் கற்பித்தார். தேர்வுக்குரிய பாடத்தோடு நின்றுவிடாமல், ஐரோப்பாவில் புதிதாக வளர்ந்துவந்த கணிதத்தின்பால் மாணவரின் கண்களைத் திருப்பினார். ஆற்றல் உடையோரை ஆய்வுத் துறைக்கு ஊக்கி அனுப்பினார்.

அவரிடம் பயின்றவர்களுள் காஞ்சியில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும், வட ஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் அடங்குவர். இருவரும் 1953இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தனர். 1965இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தை 1989இல் தோற்றுவித்தவரும் இதே சேஷாத்ரியே.

எல்லாப் பிள்ளைகளும் சேஷாத்ரி ஆகப்போவதில்லை. ஆனால் "உன்னால் இயலும், இன்னும் ஒரு படி ஏறு" என்று சொல்லும் ஒருவர் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இவற்றைச் செய்து பாருங்கள்

1. கீழிறங்கி வாருங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு புரியவில்லையெனில், ஆறாம் வகுப்பு நூலைத் திறப்பதில் வெட்கம் வேண்டா. பெருக்கல் வாய்பாடு, பின்னம், தசமம், குறை எண்கள் ஆகிய நான்கையும் உறுதி செய்துகொண்டால், பாதி அச்சம் தானே அகலும்.

2. நூலை மூடிச் செய்யுங்கள். தீர்த்துவைத்த கணக்கை வாசிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் தோன்றும், அது மயக்கம். மூடிவைத்து, வெறுந்தாளில் தொடங்குங்கள். மீண்டும் மீண்டும் வாசித்தவர்களைவிட, படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர் என்பதை, 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

3. பிழைக்கென ஒரு குறிப்பேடு வையுங்கள். தவறிய கணக்கு, தவறிய இடம், அதன் காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு மாதத்தில் அதே பிழை மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்பீர்கள். எதிரி யாரென்று தெரிந்தபின் வெல்வது எளிது.

4. முதலில் மதிப்பிடுங்கள். 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அடையாற்றங்கரைத் தெருக்கள் மூழ்கியதை ஈக்காட்டுத்தாங்கல் மறவாது. அவ்வெண்ணின் பொருள் என்ன? ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். பெருக்கினால் 8 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியால் வகுத்தால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 68 லாரி நீர்! நாளிதழில் காணும் எண்களை இவ்வாறு கணக்கிட்டுப் பழகினால், தேர்வில் வரும் பொருந்தாத விடையை உங்கள் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

5. தம்பி தங்கையருக்குக் கற்பியுங்கள். எங்கே உங்கள் நா தடுமாறுகிறதோ, அங்கே உங்களுக்கே விளங்கவில்லை என்று அறியலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

கணக்கில் அச்சமுள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவும்போது, அவர்தம் இளம் பிள்ளைகள் அவ்வாண்டில் குறைவாகவே கற்றனர், அச்சமும் கூடிற்று. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வின் முடிபு இது. அச்சம் தொற்றக்கூடியது. ஆகவே, கற்பிக்க இயலாத தாய் தந்தையர் வருந்த வேண்டா. "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்" என்று கேட்டு அருகே அமர்ந்தாலே போதும். விடை தவறாயினும் குறுக்கிடாமல் இறுதிவரை கேளுங்கள். சொல்லும்போதே பிள்ளை பாதிப் பிழையைத் தானே கண்டுகொள்ளும். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சென்ற மாதத்து உங்கள் பிள்ளையோடு ஒப்பிடுங்கள். தேர்வுக்கு முந்திய இரவில் ஐந்து மணி நேரத்தைவிட, நாள்தோறும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்த அரை மணி நேரமே பெரும்பயன் தரும்.

பங்கு வளாகத்தில் மாலைவேளையில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று இருக்கலாம். மேல்நிலை வகுப்பு மாணவர் நால்வர் அங்கே அமர்ந்து, ஆறாம் வகுப்புச் சிறுவருக்குப் பின்னம் சொல்லித்தந்தால் என்ன? எழும்பூரில் மணலில் நடந்தது, நம் தெருவில் தாளில் நடக்கட்டும். அப்போது "கணக்கு வராது" என்னும் சொல் மெல்ல மறைந்து, "இன்னும் வரவில்லை, வந்துவிடும்" என்னும் நம்பிக்கை நம் இல்லங்களில் குடிபுகும்.