புகைக்குழாய்க்குள் ஓர் அலை

பழைய பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்றின் படம் கிடைத்தால் அதன் புகைக்குழாயைச் சற்று உற்று நோக்குங்கள். எஞ்சினை விட்டு ஒல்லியாகப் புறப்படும், நடுவில் பெருக்கும், பின்னர் சுருங்கிக் கட்டை விரல் பருமனில் முடியும். இரை விழுங்கிய பாம்பு போன்ற இந்த உருவம் அழகுக்காக அமைந்ததன்று. பணமும் பெரிய ஆலையும் இல்லாத ஒரு சிறு குழு, ஒலியியலைத் துணைக்கு அழைத்துப் பெற்ற பயன் அது. அதன் இயக்கத்தை இக்கட்டுரையில் காண்போம்.

ஓட்டைக் குடத்தின் சிக்கல்

சிறிய மோட்டார் சைக்கிள்களில் நெடுங்காலம் இருவீச்சு எஞ்சினே பயன்பட்டு வந்தது. இதில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் துளைகள் உண்டு. மேலும் கீழும் செல்லும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கிறது. உறுப்புகள் குறைவு, ஆகவே விலையும் குறைவு.

ஆனால் ஒரு குறை உண்டு. எரிந்த வாயு வெளியேறும் துளையும், புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை நுழையும் துளைகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. உள்ளே வந்த புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பது போன்ற நிலை இது. பெட்ரோலும் வீண், திறனும் வீண். வெளியேற்றுத் துளைக்கு ஒரு கதவு போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கதவைத்தான் காற்றினாலேயே செய்தார்கள்!

சோப்பாவ் நகரத்துப் பொறியாளர்

கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரில் டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் ஆலை இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் அரசு போர் இழப்பீடாக அதன் இயந்திரங்களைக் கழற்றி எடுத்துச் சென்றது. பின்னர் அதே ஊரில் எழுந்ததே எம்.இசட். நிறுவனம். 1953இல் அதன் பந்தயப் பிரிவின் பொறுப்பை வால்ட்டர் காடன் ஏற்றார். ஜப்பானிய நிறுவனங்களிடம் இருந்த பணவசதி அவரிடம் இல்லை. ஆனால் ஆஸிலோஸ்கோப் என்னும் அலைகாட்டியைக் கொண்டு புகைக்குழாயில் எழும் அழுத்த அலைகளைக் கூர்ந்து ஆராயும் பொறுமை இருந்தது. இத்தகைய குழாயை அவருக்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. அதை முறையாக வளர்த்த பெருமை காடனுடையது.

சென்று திரும்பும் அலை

வெளியேற்றுத் துளை திறந்தவுடன் வாயு வெடிப்புடன் பாய்கிறது. அப்போது ஓர் அழுத்த அலை குழாய்க்குள் புறப்படுகிறது. ஆர்கன் குழாய்ப் பாடத்தை நினைவு கூருங்கள். மூடிய முனையில் மோதும் நெருக்கம் நெருக்கமாகவே திரும்பும். திறந்த முனையை அடையும் நெருக்கம் நெகிழ்ச்சியாக மாறித் திரும்பும். குழாய் விரிவடையும் இடம் திறந்த முனை போலவும், சுருங்கும் இடம் மூடிய முனை போலவும் ஓரளவு செயற்படுகின்றன.

எனவே விரியும் கூம்பிலிருந்து முதலில் ஒரு நெகிழ்ச்சி திரும்பி வருகிறது. அது சிலிண்டரில் எஞ்சிய புகையை உறிஞ்சி இழுக்கிறது. அதன் பின்னால் புதுக் கலவையும் சிறிது குழாய்க்குள் வந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் சுருங்கும் கூம்பிலிருந்து ஒரு நெருக்கம் வந்து சேர்கிறது. ஓடிய கலவையை அது மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உடனே பிஸ்டன் துளையை மூடிவிடுகிறது. நாம் தேடிய கதவு இதுதான்.

கணக்கிட்டுப் பார்ப்போமா?

0° செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 331 மீட்டர். குழாயிலுள்ள வாயுவைக் காற்றெனவும், அதன் சராசரி வெப்பநிலையை 400° எனவும் கொள்வோம். வேகம் தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அது விநாடிக்குச் சுமார் 520 மீட்டராகிறது.

எஞ்சின் நிமிடத்திற்கு 10,800 சுற்றுகள் சுழலட்டும். அதாவது விநாடிக்கு 180. துளை திறந்து அரைச் சுற்றில் அலை திரும்ப வேண்டும் எனில், அதற்குள்ள நேரம் விநாடியில் 360இல் ஒரு பங்கு. அந்நேரத்தில் அலை 1.44 மீட்டர் செல்லும். போகவும் வரவும் என்பதால், சுருங்கும் கூம்பு ஏறத்தாழ 72 செ.மீ. தொலைவில் அமைய வேண்டும்.

அதே எஞ்சின் 6,000 சுற்றில் ஓடினால் தேவைப்படும் தொலைவு 130 செ.மீ.! குழாய் நீளாது, ஆகவே அலை உரிய காலத்துக்கு முன்பே வந்துவிடும், திறன் விழும். குறுகிய சுழற்சி எல்லைக்குள் எஞ்சினை வைத்திருக்கவே பந்தய வண்டிகளுக்குப் பல கியர்கள் தேவைப்பட்டன. 1967இல் சுஸூக்கியின் 50 சி.சி. பந்தய வண்டியில் 14 கியர்கள் இருந்தன.

இக்குழாயைச் செய்ய விலையுயர்ந்த பொறிகள் வேண்டியதில்லை. தகட்டை வெட்டி, சுருட்டி, பற்றவைத்தால் போதும். அடி ஆரம் 5 செ.மீ., சாயுயரம் 30 செ.மீ. உள்ள கூம்புக்குத் தகட்டை 60° வட்டக் கோணப்பகுதியாக வெட்ட வேண்டும். இது உங்கள் கணிதப் பாடமே அல்லவா?

வெற்றியும் விலையும்

1961இல் காடனின் 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200! காற்றழுத்தியின் துணையில்லாத எஞ்சின் எதுவும் அதுவரை எட்டாத அளவு அது. நம் நாட்டில் 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் 98 சி.சி. எஞ்சின் தந்தது 11 குதிரைத்திறன். அதாவது லிட்டருக்கு 112. ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் திறனோடு வெப்பமும் கூடுகிறது. 54 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 200° சூடேறினால் ஏறத்தாழ 0.25 மி.மீ. விரியும். இரும்புச் சிலிண்டரும் அதே அளவு சூடேறினால் அதன் உள்விட்டம் 0.12 மி.மீ. மட்டுமே கூடும். போதிய இடைவெளி விடாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றுவிடும். ஓட்டுநரின் உயிர் ஒரு மயிரிழை இடைவெளியில் இருந்தது எனலாம். அதனாற்றான் அவர்கள் கிளட்ச் பிடியின்மீது எந்நேரமும் விரல் வைத்து ஓட்டினர்.

அந்த ஆண்டு எம்.இசட். ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சி.சி. உலகப் பட்டத்தை நெருங்கியிருந்தார். செப்டம்பரில் சுவீடன் பந்தயத்தில் அவரது எஞ்சின் பழுதாயிற்று. பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. டெக்னர் நாடு திரும்பவில்லை. மேற்கே தங்கி, சுஸூக்கியில் சேர்ந்தார். காடன் வளர்த்த நுட்பமும் அவருடன் சென்றது. 1962இல் 50 சி.சி. உலகப் பட்டத்தை டெக்னர் சுஸூக்கிக்கு வென்று கொடுத்தார். காடனின் வண்டிகள் பல பந்தயங்களை வென்றும் உலகப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. எனினும் பின்னர் வந்த இருவீச்சுப் பந்தய வண்டிகள் எல்லாம் அவர் வழியிலேயே நடந்தன.

காற்றுக் கதவு முழுமையானதன்று. எரியாத எரிபொருளும் எண்ணெய்ப் புகையும் வெளியேறிக்கொண்டுதான் இருந்தன. மாசுக் கட்டுப்பாடு கடுமையானபோது இருவீச்சு வண்டிகள் சாலையிலிருந்து விலகின. உலகப் பந்தயத்திலும் 125 சி.சி. வகுப்பு 2011உடன் முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. வீட்டு வண்டியின் சைலன்சரை வெட்டிச் சோதிக்காதீர்கள். காது கிழியும் ஓசை கிடைக்குமேயன்றித் திறன் கிடைக்காது. அலை திரும்பும் காலத்தைக் கணிக்காமல் வெட்டிய குழாய் உள்ள திறனையும் குறைத்துவிடலாம். பந்தயத்துக்கு உரிய இடம் பந்தயத் தடமே. உங்கள் சோதனைக்குத் தாளும் எழுதுகோலும் போதும். நிமிடத்திற்கு 9,000 சுற்று ஓடும் எஞ்சினுக்குச் சுருங்கும் கூம்பு எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்? கணக்கிடுங்கள். 87 செ.மீ. அளவில் விடை வந்தால், காடனின் பட்டறையில் உங்களுக்கும் ஓர் இடம் இருந்திருக்கும்!