முட்டையும் கற்கால நியமமும்

கற்கால மனிதனின் ஆகாரமே நமக்கும் உகந்தது என்ற கொள்கையை உலகெங்கும் பரப்பியது, 2002-இல் லோரன் கார்டெயின் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட 'தி பேலியோ டயட்' என்ற நூல் என்றாலும், அதற்கு வைத்திய உலகில் ஒரு கௌரவத்தைத் தேடித் தந்தது, 1985-இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரைதான். தானியம், பருப்பு, சர்க்கரை, ரீபைண்ட் எண்ணெய் ஆகியவற்றை அறவே நீக்கி, மாமிசம், மீன், முட்டை, காய்கறி, கொட்டை வகைகளைக் கொண்டே ஜீவனம் நடத்தச் சொல்லும் இந்த நியமத்தில், பாலுக்கும் ஆதியில் இடமில்லை; தமிழ்நாட்டில் இதைக் கைக்கொண்டவர்களோ நெய்யையும் பனீரையும் பெரும்பாலும் அனுமதித்துவிட்டார்கள்.

கோழியை மனிதன் வளர்க்கத் தொடங்கியதே பயிர்த்தொழில் பிறந்து வெகுகாலம் சென்ற பிறகுதான் என்பதையும், தக்காளியும் மிளகாயும் கொலம்பஸின் யாத்திரைக்குப் பின்னரே அமெரிக்காக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதையும் நினைத்தால், சரித்திர சுத்தமாக ஒரு முட்டைக் குழம்பைக்கூட நம்மால் வைக்க முடியாது. ஆகவே கற்காலத்தைக் கற்காலத்தோடு விட்டுவிட்டு, விலக்கப்பட்ட பதார்த்தம் ஒவ்வொன்றும் நம் சமையலில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்பதே புத்திசாலித்தனம். மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடுமாதலால், நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

முட்டை நிரபராதி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் இருக்க, மாவுச்சத்தோ ஒரு கிராமுக்கும் குறைவு. குற்றமெல்லாம் அதன் பரிவாரத்தினுடையது. அந்தப் பரிவாரமும் வெளிப்படையாக வருவதில்லை என்பதற்கு முட்டைக் குழம்பே சாட்சி. இட்லியையும் சோற்றையும் நீக்கிவிட்டோம், குழம்பில் என்ன தோஷம் என்று நினைப்பவர்கள், வீட்டில் அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூளில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் வறுபட்டுக் கலந்திருப்பதையும், தேங்காயோடு அம்மியிலோ மிக்ஸியிலோ ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை சேர்ந்துவிடுவதையும், தாளிப்பில் உளுத்தம்பருப்பு விழுவதையும், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்திருப்பதையும் மறந்துவிடுகிறார்கள். மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, மிளகும் சீரகமும் சற்றுத் தாராளமாகச் சேர்த்தால் பொடியின் குறை தெரியாது. பொட்டுக்கடலையின் வேலை நீரை உறிஞ்சிக் குழம்பைக் கெட்டியாக்குவது. அதைச் சின்ன வெங்காயமும் தக்காளியும் எண்ணெய் பிரியும்வரை வதங்கிப் பாதி செய்துவிடும், மீதியை ஊறவைத்த கசகசாவோ தோலுரித்த பாதாமோ தேங்காயோடு அரைபட்டுச் செய்துவிடும். முந்திரியும் உதவும், ஆனால் அதில் மாவுச்சத்து சற்று மிகுதி. தேங்காய் விழுதைக் கடைசியில் விட்டு, சிறு தீயில் ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். இல்லையேல் குழம்பு திரிந்துபோகும்.

ஆம்லெட், பொடிமாஸ், கலக்கி முதலியவற்றில் மாற்ற வேண்டியது சொற்பம். எண்ணெய்க்குப் பதில் நெய்யோ தேங்காயெண்ணெயோ விட்டாலே போதும். மிருதுவாவதற்குப் பால் சேர்க்கும் வழக்கமுள்ளவர்கள் தேங்காய்ப் பாலைச் சேர்க்கலாம், மணமும் கூடும். பரோட்டாக் கடைக் கலக்கியில் விடும் சால்னாவில் பொட்டுக்கடலை இருக்கக்கூடுமாகையால், வீட்டுக் குழம்பை ஒரு கரண்டி விட்டுக்கொள்வது உத்தமம்.

முட்டை போண்டாவை மட்டும் தயங்காமல் தியாகம் செய்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கடலைமாவு எண்ணெயில் ஒட்டிப் பொரிவதுதான் அதன் ஜீவன். பாதாம் மாவைப் பூசினால் பாதி எண்ணெயிலேயே உதிர்ந்துவிடுகிறது, எஞ்சியது போண்டாவின் பெயருக்குக்கூட லாயக்கில்லை. முட்டைப் பணியாரமோ மாவே இல்லாமல் பிரமாதமாக வருகிறது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு அடித்த முட்டையைக் குழிகளில் முக்கால் பாகம் ஊற்றினால், முட்டையின் புரதமே சூட்டில் இறுகித் தன்னைத் தானே பிணைத்துக்கொள்கிறது.

முட்டை கொத்துப் பரோட்டாவுக்குப் பரோட்டாவின் ஸ்தானத்தில் நீளமாகச் சீவிய முட்டைக்கோஸ் நிற்கும். உப்பு பட்டவுடன் அது நீர் விடுமாதலால், முதலில் உப்பின்றிப் பெருந்தீயில் வதக்கி ஈரம் வற்றிய பிறகே முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். ஈரம் வற்றுமுன் ஊற்றினால் கொத்துவதற்குப் பதில் கரண்டியால் அள்ள வேண்டியதாகிவிடும். பரோட்டாவின் அடுக்கடுக்கான மென்மை இதில் கிடைக்காது. கறிமசாலாவும் மிளகும் ஏறிய முட்டைத் துணுக்குகள் கிடைக்கும், பசித்தவர்களுக்கு இரண்டு முட்டைக்குப் பதிலாக நான்கு போட்டால் வயிறும் நிறையும்.