எந்த ஊர்க் குடிமதிப்பில் இவர்கள்?



நம் ஆஸ்பத்திரியைப் பார்க்க வரும் சபையாரில் சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்பதுண்டு: “ஐயா, ஆண்கள் வார்டில் பாதிப்பேர் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்களே, எங்கள் காணிக்கை நம் ஜனங்களுக்குத்தானே போகிறது?” கேள்வியில் தவறில்லை. கொடுக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. பதில் சொல்ல, ஜனங்கள் எப்படி இடம் பெயர்கிறார்கள் என்பதைச் சற்று விவரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பட்டணம் பெருகுவதற்கு வழிகள் சில உண்டு. அங்கேயே பிள்ளைகள் பிறப்பது ஒன்று. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து சேருவது மற்றொன்று. எல்லையை விரித்துப் பக்கத்துக் கிராமங்களைப் பட்டணமாக எழுதிவிடுவதும் உண்டு; சென்னை மாநகராட்சி 2011-ல் 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது இப்படித்தான். 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 15.6 சதவீதம் கூடியது. பழைய எல்லைக்குட்பட்ட சென்னை கூடியதோ சுமார் 7 சதவீதம்தான். அதை ஒட்டிய அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் சுமார் 39 சதவீதம் கூடிற்று. நீலகிரியில் ஜனங்கள் குறைந்தே போனார்கள். பிறப்பு விகிதம் மாவட்டத்துக்கு மாவட்டம் இவ்வளவு வேறுபடாது. வேலை எங்கே உண்டோ, அங்கே ஜனங்கள் நடக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் வேறொரு காரணமும் இருக்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள், பீகாரில் 3. அங்கே வேலையில்லாத வாலிபர்கள், இங்கே ஆளில்லாத தையல் மெஷின்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை வரும் ரயில் ஜார்கண்டையும் ஒடிசாவையும் கடந்து ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகத்தான் போகிறது. அதன் முன்பதிவில்லாப் பெட்டியை ஒரு நாள் காலையில் திருப்பூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள்.

நாமும் இப்படிப் போனவர்கள்தானே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், பிற்பாடு பம்பாய் தாராவிக்கும் போனவர்கள் யார்? நம் தெற்கத்திச் சபைகளில் எத்தனையோ ஆலயங்களைக் கட்டிய காணிக்கை, பிழைக்கப் போனவர்கள் அனுப்பியது. ஆகவே “வடக்கன்” என்று ஒருமையில் பேசுவதை நம்மவர்களாவது விட்டுவிட்டால் நல்லது.

இனி குடிமதிப்புக்கு வருவோம். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் யோசேப்பு பெயர் எழுதத் தன் முன்னோர் ஊருக்குப் பயணப்பட்டார். நம் நாட்டுக் கணக்கெடுப்பில் அப்படி இல்லை. வசிக்கிற இடத்திலேயே எழுதுகிறார்கள். எங்கே பிறந்தாய், கடைசியாக எந்த ஊரில் இருந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்கிறார்கள். 2011-ல் இப்படி ஊர் மாறியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். பெரும்பாலோர் சொந்த மாவட்டத்துக்குள்ளேயே மாறியவர்கள். பெண்களுக்குப் பெருங்காரணம் கலியாணம். மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் சுமார் 5.4 கோடி. ஆனால் ஆறு மாதம் கம்பெனி விடுதியிலும், அறுவடைக்குச் சொந்த ஊரிலும், பிறகு வேறொரு காண்டிராக்டரின் கட்டடத்திலும் இருக்கிறவனை எந்த ஊரில் எழுதுவது? பல சமயம் எங்கும் எழுதப்படாமல் போகிறான். 2021 கணக்கெடுப்போ நடக்கவே இல்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து அதை நடத்துவதாக 2025-ல் அரசு அறிவித்தது. அதுவரையிலும் ஆஸ்பத்திரிப் படுக்கை முதல் அரசு மருந்துவரை எல்லாத் திட்டமும் பழைய கணக்கின்மேல் போடப்படுகிறது.

இது வார்டில் எப்படித் தெரிகிறது என்று சொல்லுகிறேன். நம் நோயாளி ஒருவர் படுத்தால் வீட்டார் நாலு பேர் வருவார்கள். கஞ்சி கொண்டுவர ஒருவர், மருந்துக் கடைக்கு ஓட ஒருவர், இரத்தம் கொடுக்க ஒருவர், இரவில் தரையில் பாய் விரித்துப் படுக்க ஒருவர். நம் ஆஸ்பத்திரிகள் இந்தத் துணையாட்களை நம்பியே நடக்கின்றன. ஒடிசாவிலிருந்து வந்த வாலிபனுக்கோ துணைக்கு யாரும் இல்லை. கூட வேலை செய்கிறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டு வந்து சேர்த்துவிட்டு, இரவு ஷிப்டுக்குத் திரும்பிவிடுகிறான். நான் கட்டிலருகே நின்று ஜெபிக்கும்போது, எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்க எனக்கு மொழி போதாது. ஜார்கண்டிலிருந்து வந்து நம்மிடம் நர்சிங் படிக்கும் மாணவி ஒருத்தியைத்தான் கூப்பிடுகிறோம். அவளும் வகுப்பை விட்டு வர வேண்டும்.

காசநோயில்தான் ஆபத்து அதிகம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் அடங்கிப் பசி வந்துவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்து, திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர் மாத்திரையை விட்டுவிடுகிறார். மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறக்கூடும். நெருக்கமான விடுதி அறையில் அது பத்துப் பேருக்குப் பரவும். தமிழன், ஒடியாக்காரன் என்று பார்க்காது. அரசின் “நிக்ஷய்” பதிவு எண் இருந்தால் எந்த மாநிலத்திலும் சிகிச்சையை இலவசமாகத் தொடரலாம். ஆனால் அந்த எண்ணைப் பற்றி அவர்களுடைய மொழியில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமே. ஆகவே ஊருக்குப் போகிறவரின் சீட்டில் எண்ணையும், அவர் ஊருக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் பெயரையும் இந்தியில் எழுதிக் கொடுக்கிறோம். போய்ச் சேர்ந்ததும் போன் செய்து விசாரிக்கிறோம். சிலருடைய போன் அணைந்துதான் கிடக்கிறது.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு, துணையில்லாத நோயாளிகளுக்கு மூன்று வேளை உணவுக்கும், இரவில் கவனிக்க அமர்த்தும் உதவியாளருக்கும் செலவாகிறது. பணத்தைவிட இப்போது எங்களுக்குத் தட்டுப்பாடு மொழிதான். உங்கள் சபையில் இராணுவத்திலோ இரயில்வேயிலோ வடக்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற, இந்தி தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை வெளிநோயாளிகள் நேரத்தில் இரண்டு மணி நேரம் வந்து உட்கார அவர்களுக்கு மனதுண்டா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். பஸ் செலவை ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ளும்.