உங்களுக்குத் தெரியுமா? பூண்டு தின்ற பசுவின் பாலே மருந்து!

அந்தணருக்கு விலக்கப்பட்ட உணவு என்பதற்காக ஆயுர்வேதம் பூண்டை வைத்தியத்திலிருந்து விலக்கிவிடவில்லை. 1890-இல் மத்திய ஆசியாவின் குச்சாவில் ஹாமில்டன் போவர் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் கைக்கு வந்த பழைய சமஸ்கிருதச் சுவடி, பூண்டின் பெருமையோடுதான் தொடங்குகிறது. அந்தணர் பூண்டு உண்ணலாகாது என்னும் அதே நூல், மாற்று வழியும் காட்டுகிறது: பசுவுக்கு மூன்று இரவுகள் புல்லைக் குறைத்து, பிறகு இரண்டு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பூண்டுத் தண்டு கலந்து கொடுத்தால், அதன் பால், தயிர், நெய்யை அவர்கள் உண்ணலாம். நோயாளியைக் கைவிடக் கூடாது என்ற அக்கறைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை குன்மம் என்ற வயிற்று நோய்க்குச் சொல்வது, உலர்ந்த பூண்டைப் பாலும் நீரும் சேர்த்து, நீர் சுண்டிப் பால் மிஞ்சும்வரை காய்ச்சுவது. கொதித்தால் சத்து போய்விடுமே என்பார்கள். அது பாதி உண்மை. நசுக்கும்போது உருவாகும் அல்லிசின் சூட்டில் சிதையும். வேறு கந்தகச் சேர்மங்கள் மிஞ்சும், காரமும் தணியும். பூண்டுக்கு மருத்துவப் பெருமை உண்டு என்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டுப் பாலை நம்ப வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் பூண்டை மருந்தாக எடுக்கும்முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.