பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்

வகுப்பறைக் கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொள்கிறது. பிள்ளைகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நோட்டுக்குள் குனிந்துவிடுகிறார்கள். ஒரு சிறுமிக்கு மட்டும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அதற்குப் பிறகு நடத்திய கணக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள்.

மூளைக்குள் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, யோசனைக்கு முன்பே உடம்பை உசுப்பிவிடுகிறது. அதை அடக்கிவைக்க வேண்டிய முன்நெற்றிப் புறணியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி. அதனால்தான் ‘பயப்படாதே’ என்ற அறிவுரை அந்த நேரத்தில் எடுபடுவதில்லை. உடம்பின் வழியாகத்தான் மனதை அமர்த்த வேண்டியிருக்கிறது.

அதற்கு வழி உண்டு. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் பிரேக் அது. நிதானமாக, நீளமாக மூச்சை விடப் பழகிய பிள்ளையின் கையில் அந்த பிரேக் இருக்கிறது.

பெங்களூரு விவேகானந்த கேந்திர யோகா ஆய்வு அறக்கட்டளையின் ஷெர்லி டெல்லஸ் குழுவினர் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரசுக் காப்பகத்தில் வாழ்ந்த, 12 முதல் 16 வயதுள்ள 28 சிறுமிகளில் ஒரு பாதியினருக்கு யோகா, மறு பாதியினருக்கு விளையாட்டு. தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். முடிவில், ஓய்வாக இருக்கும்போது இதயம் துடிக்கும் வேகம் இரு குழுவிலும் குறைந்திருந்தது. யோகா செய்தவர்களுக்கு மூச்சும் நிதானப்பட்டிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஓடியாடியவர்களின் இதயமும் அமைதி கண்டது என்பது எவ்வளவு பெரிய செய்தி!

மனஉறுதி பிறவியிலேயே வரும் வரம் அல்ல. தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் பயிற்சியிலும், கோபப்படாமல் பக்கத்தில் நிற்கும் ஒரு பெரியவரின் துணையிலும் அது வளர்கிறது. பயிற்சியின்போது கண்ணை மூடினால் சில பிள்ளைகளுக்குப் பழைய பயம் திரும்பிவரும். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே மூச்சுப் பயிற்சி செய்யட்டும். தூக்கமின்மையும் திகிலும் வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமையில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் இலவச சேவை இது.

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துவிடுவது நம் பள்ளிகளின் வழக்கம். காயப்பட்ட பிள்ளைக்குக் கணக்கு ஏற வேண்டுமென்றால், முதலில் அந்த மைதானம் வேண்டும்.