வீட்டில் பதிவுசெய்த டிவிடி பிளேயரில் ஓடாமை

கணினியிலோ வீடியோ கேமராவிலோ வீட்டில் பதிவுசெய்யப்பட்ட டிவிடி, தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் டிவிடி பிளேயரில் ஓடாமல் போவது பலரும் எதிர்கொள்ளும் சிக்கலாகும். திரையில் 'நோ டிஸ்க்' அல்லது 'பேட் டிஸ்க்' என்று தோன்றியதும் வட்டு கெட்டுவிட்டதாக எண்ணிப் பலர் அதை எறிந்துவிடுகின்றனர். ஆனால் பிளேயரில் ஓடாத வட்டில் பதிவு முழுமையாக இருக்கக்கூடும். திருமணம், மறைந்துபோன பெரியவர்களின் குரல் போன்றவை ஒரே வட்டில் மட்டும் இருந்தால், காரணத்தை அறியும் முன் அதை எறிவதோ அழிப்பதோ கூடாது.

முதற்சோதனை

வட்டைக் கணினியின் டிவிடி டிரைவில் இட்டுப் பார்க்க வேண்டும். கோப்புகள் திறந்தால், வேறெதுவும் செய்யும் முன் அவற்றை ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் இரண்டு கேள்விகளே எஞ்சும். பிளேயரால் அந்த வட்டைப் படிக்க முடிகிறதா? படித்தாலும், அதில் உள்ளதை அதனால் புரிந்துகொள்ள முடிகிறதா?

கோப்பு அமைப்பு

கணினியில் உள்ள படக்கோப்பை அப்படியே வட்டில் எழுதினால் அது தரவு டிவிடி ஆகும். கணினியில் அது ஓடும். பழைய பிளேயரில் ஓடாது. பிளேயர் எதிர்பார்ப்பது டிவிடி வீடியோ என்னும் அமைப்பை. அதில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டு, 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறைக்குள் ஒவ்வொன்றும் 1 கிகாபைட்டுக்கு மிகாத விஓபி கோப்புகளாக இருக்கும். எந்தப் பகுதியை எப்போது காட்டுவது என்பதை ஐஎஃப்ஓ கோப்புகள் சொல்லும். விஓபி கோப்புகளை மட்டும் எழுதினாலோ, இந்தக் கோப்புறையை வேறொரு கோப்புறைக்குள் வைத்து எழுதினாலோ பிளேயர் தடுமாறும். கோப்பின் பெயரை மாற்றுவதால் பயனில்லை. டிவிடி வீடியோ உருவாக்கும் மென்பொருளால் படத்தை மாற்றியே எழுத வேண்டும்.

இறுதிசெய்யப்படாத வட்டு

பதிவு முடிந்ததும் வட்டை மூடும் வேலை 'ஃபைனலைஸ்' எனப்படும். அதைச் செய்யாத வட்டு, பதிவுசெய்த கருவியில் மட்டும் ஓடி மற்றவற்றில் வெற்று வட்டாகத் தோன்றலாம். 8 செ.மீ. வட்டில் பதிவுசெய்த பழைய கேமராக்களில் இது அடிக்கடி நிகழ்ந்தது. அத்தகைய வட்டை, பதிவுசெய்த அதே கேமராவில் இட்டு இறுதிசெய்வதே பாதுகாப்பான வழி. எனவே பழைய கேமராவை விற்பதற்கு முன் வட்டுகள் அனைத்தும் மூடப்பட்டனவா என்று பார்ப்பது நல்லது. கணினி 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது.

வட்டின் வகை

கடையில் விற்கும் திரைப்பட வட்டு அச்சில் அழுத்தித் தயாரிக்கப்படுவது. லேசர் ஒளியை நன்கு திருப்பியனுப்பும். வீட்டில் எழுதும் வட்டில், சாயப்படலத்தில் லேசர் ஏற்படுத்தும் தடங்களே பதிவாகின்றன. திரும்ப எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியை மிகக் குறைவாகவே திருப்புவதால் பழைய பிளேயர்கள் அவற்றை அடையாளம் காணத் தவறுகின்றன. ஆகவே கடைப் படம் நன்றாக ஓடுவதைக் கொண்டு பிளேயரின் லென்ஸ் நல்ல நிலையில் உள்ளது என்று முடிவுசெய்ய இயலாது.

ஒருமுறை மட்டும் எழுதும் வட்டுகளில், 1997-இல் வந்த டிவிடி-ஆர் (கழித்தல் குறி) பழைய பிளேயர்களுக்குப் பெரும்பாலும் ஏற்றது. பின்னர் 2002-இல் வந்த டிவிடி+ஆர் (கூட்டல் குறி) ஓடாவிட்டால், சில டிரைவ்களில் அதன் வகைக்குறிப்பை 'டிவிடி-ராம்' அன்று, 'டிவிடி-ரோம்' என மாற்றி எழுதும் வசதி உண்டு.

பால், என்டிஎஸ்சி

இந்தியாவிலும் இலங்கையிலும் பால் முறை (576 வரிகள், விநாடிக்கு 25 படங்கள்) வழக்கில் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டிஎஸ்சி முறை (480 வரிகள், விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள்). ஊரில் எடுத்த திருமண டிவிடி கனடாவிலுள்ள உறவினர் வீட்டில் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம். வட்டில் குறையில்லை, கணினியில் பார்க்கலாம், அல்லது என்டிஎஸ்சி முறைக்கு மாற்றி எழுதலாம்.

படம் இடையில் நிற்றல்

டிவிடியின் பதிவு உட்புறத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்கிறது. எனவே படம் கடைசிப் பகுதியில் மட்டும் நின்றால் விளிம்பருகே பிழை இருக்கலாம். இதைத் தவிர்க்கப் பின்வருவன உதவும்:

• வட்டை விளிம்புவரை நிரப்பாமல் சிறிது இடம் விடுதல். 4.7 கிகாபைட் வட்டைக் கணினி சுமார் 4.38 எனக் காட்டும்.
• மிக உயர்ந்த வேகத்தைத் தவிர்த்து நடுத்தர வேகத்தில் எழுதி, முடிந்ததும் சரிபார்த்தல்.
• ஒட்டுத்தாள் ஒட்டாதிருத்தல். அது சுழற்சியின் சமநிலையைக் கெடுக்கும். பெயரை வட்டுக்குரிய பேனாவால் எழுதலாம்.
• மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல். வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

பாதுகாத்தல்

வெயிலும் வெப்பமும் சாயப்படலத்தைக் காலப்போக்கில் சிதைக்கின்றன. இன்று படிக்கமுடிகிற வட்டு சில ஆண்டுகளுக்குப் பின் படிக்கமுடியாமல் போகலாம். ஆகவே பிளேயரில் ஓடச்செய்வதைவிட, கணினியில் திறக்கும்போதே பதிவை வேறு இரண்டு இடங்களிலாவது நகலெடுத்து வைப்பது முதன்மையானது.